எந்த லைன் முதலில் எழ வேண்டும்: ஒரு மாட்யுலர் ரேக்கின் பவர் சப்ளையைத் திருத்திய பதிவு

பதினான்கு மாட்யூல்கள், அதாவது கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் தனித்தனிப் பகுதிகள், கொண்ட சிந்தசைஸர் ரேக் அது, மின்னணு இசைக்கருவி. சுவிட்சைப் போட்டால் பத்தில் ஏழெட்டு முறை ஒழுங்காக எழும். மற்ற நேரங்களில், உள்ளே வரும் வோல்ட்டேஜை அருகிலுள்ள ஸ்வரத்துக்குப் பொருத்தும் குவாண்டைசர் மாட்யூலின் முதல் எல்இடி எரிந்தபடியே நின்றுவிடும், பட்டனை அழுத்தினாலும் அசையாது. அணைத்த கையோடு திரும்பப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் எதுவுமே நடக்காததுபோல் ஓடும்.

குவாண்டைசர் நானே கட்டியது, அதன் புரோகிராமும் நான் எழுதியது. அதனால் முதல் சந்தேகம் புரோகிராம் மேல்தான் விழுந்தது. இரண்டு வாரம் அதையே துருவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாட்யூல் நின்றுபோயிருந்த நேரத்தில் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. சாதாரணமாக இருபது மில்லிஆம்பியர்கூட இழுக்காத சிப் அது. புரோகிராம் எவ்வளவு தவறாக ஓடினாலும் அந்தச் சூடு வராது. எங்கோ மின்சாரம் வரக்கூடாத வழியில் வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த துப்பு தற்செயலாகக் கிடைத்தது. குவாண்டைசரின் இன்புட்டில் எப்போதும் ஒரு பேட்ச் கேபிள் செருகியிருக்கும். மறுமுனை, குமிழைத் திருப்பிய அளவுக்கு ஒரு நிலையான வோல்ட்டேஜ் தரும் ஆஃப்செட் மாட்யூலில். அந்தக் கேபிளைப் பிடுங்கிவிட்டு இருபது முறை அணைத்துப் போட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. கேபிளைத் திரும்பச் செருகி, ஆஃப்செட் குமிழை நேர்ப்பக்கம் முழுவதும் திருப்பி வைத்தேன். மூன்றாவது முறையே நின்றது.

ரேக்கின் மின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வெளியே மூடிய பெட்டியாக ஒரு 15 வோல்ட் டிசி அடாப்டர், 3 ஆம்பியர் தரும். ரேக்குக்குள் அதை வேறு வோல்ட்டேஜ்களாக மாற்றும் மூன்று கன்வர்ட்டர்கள்: +12, -12, +5. இவை ஒவ்வொன்றும் தரும் சப்ளையைத்தான் லைன் என்கிறேன். மெயின்ஸ் மின்சாரம் ரேக்குக்குள் வரவே கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்திருந்தேன். 230 வோல்ட்டில் ஓடும் சுவிட்சிங் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். அடிக்கடி திறந்து கைவைக்கும் பெட்டிக்குள் அதை வைப்பது ஆபத்து. அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

எல்லா மாட்யூல்களுக்கும் மின்சாரத்தைப் பகிரும் பஸ் போர்டு, டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-100 வரிசையில் வந்து இப்போது யூரோராக் என்று எல்லோரும் பின்பற்றும் 16 பின் அமைப்புதான். முதல் இரண்டு பின் -12, அடுத்த ஆறு கிரவுண்டு, அப்புறம் +12, +5, கடைசியில் சிவி, கேட் என்ற கட்டுப்பாட்டுச் சிக்னல்கள். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு -12 பக்கம் வர வேண்டும். 10 பின் கேபிளைத் திருப்பிச் செருகினால் +12 இருக்க வேண்டிய இடத்துக்கு -12 போய்விடும். 16 பின் கேபிளைத் திருப்பினால் +12, +5 இரண்டுமே நேராகக் கிரவுண்டில் போய் முட்டும். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்யூலைச் செருகும் பழக்கம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கனெக்டர் ஒரு பின் தள்ளி உட்கார்ந்தாலே போதும், மாட்யூல் போய்விடும்.

இனி அளந்து பார்த்த கதை.

நான்கு சேனல் ஆஸிலோஸ்கோப்பில் மூன்று லைன்களையும், நான்காவதாக குவாண்டைசருக்குள் இருக்கும் 3.3 வோல்ட் லைனையும் பிடித்தேன். ஒரே தடவை பதிவு செய்யும் சிங்கிள் டிரிக்கரில் வைத்து சுவிட்சைப் போட்டேன். திரையில் வந்தது நான் மனதில் வைத்திருந்த படமே இல்லை. +12 லைன் 7 வோல்ட் வரை ஏறி, சரிந்து, மறுபடி ஏறி, மறுபடி சரிந்து, மூன்று முறை விக்கல் எடுத்தது. 160 மில்லிநொடி கழித்துத்தான் 12-இல் நிலைத்தது. -12 அதற்கு முன்பே வந்து காத்திருந்தது. +5 எல்லாவற்றுக்கும் கடைசியாக, இன்னும் 30 மில்லிநொடி தள்ளி வந்தது, ஏனென்றால் அந்தக் கன்வர்ட்டரை நான் +12 லைனிலிருந்து ஊட்டியிருந்தேன்.

நான்காவது சேனல்தான் உண்மையைச் சொன்னது. +5 இன்னும் வரவே இல்லை, ஆனால் அதிலிருந்து பிறக்க வேண்டிய 3.3 வோல்ட் லைனில் 1.8 வோல்ட் தெரிந்தது. யார் கொடுத்தது?

ஆஃப்செட் மாட்யூலின் அவுட்புட்டை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் ஐசி, அதாவது ஆப்-ஆம்ப், கொடுத்தது. +12 வந்ததும் அதன் அவுட்புட் சுமார் 10.5 வோல்ட்டுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து பேட்ச் கேபிள், பிறகு குவாண்டைசர் இன்புட்டில் நான் வைத்திருந்த ஒரே ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதைத் தாண்டினால் நேரே மைக்ரோகன்ட்ரோலரின் பின். சிப்புக்குள் ஒவ்வொரு பின்னிலிருந்தும் அதன் சப்ளை லைனுக்கு ஒரு பாதுகாப்பு டயோடு உண்டு. சப்ளை இல்லாத நேரத்தில் அந்த டயோடே பின்வாசலாகிவிடுகிறது. கிட்டத்தட்ட 8 முதல் 10 மில்லிஆம்பியர் அந்த வழியாக உள்ளே போய், சிப்பை அரை உயிரில் வைத்திருந்தது.

அரை உயிர் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். சூட்டுக்குக் காரணம் வேறு. சிமாஸ் சிப்புகளின் அடுக்கமைப்பிலேயே, யாரும் வேண்டுமென்று வைக்காத ஒரு தைரிஸ்டர், ஒருவகை மின்னணுச் சுவிட்ச், ஒளிந்திருக்கிறது. பின் வழியாக அளவுக்கு மீறி மின்னோட்டம் புகுந்தால் அது தூண்டப்பட்டு, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே குறுக்குவழி திறந்துவிடும். லாட்ச்-அப் என்பது இதுதான். தூண்டிய காரணம் போன பிறகும், சப்ளையை முழுக்க நிறுத்தும்வரை அது மூடாது. டேட்டாஷீட்டில் பின் வோல்ட்டேஜ் சப்ளையைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சப்ளை பூஜ்யமாக இருக்கும் நேரத்துக்கும் அந்த வரி பொருந்தும் என்பதை இந்த ரேக்கில்தான் உணர்ந்தேன்.

விக்கலின் காரணம் கணக்கில் வந்துவிட்டது. +12 லைனில் ஓடும்போது இழுப்பது 780 மில்லிஆம்பியர். கன்வர்ட்டரின் எல்லை 2.5 ஆம்பியர். போதும் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எல்லா மாட்யூல்களின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களையும் கூட்டினால் அந்த லைனில் மட்டும் சுமார் 1,100 மைக்ரோஃபாரட். கெப்பாசிட்டன்ஸை வோல்ட்டேஜால் பெருக்கி ஏறும் நேரத்தால் வகுத்தால் நிரப்பும் மின்னோட்டம் கிடைக்கும். 2 மில்லிநொடியில் 12 வோல்ட் ஏற வேண்டுமானால் 6.6 ஆம்பியர் வேண்டும். கன்வர்ட்டர் எல்லையைத் தொட்டதும் தன்னை நிறுத்திக்கொள்ளும், திரும்ப முயலும், திரும்ப நிறுத்தும். அதையே 20 மில்லிநொடியில் ஏற்றினால் 0.66 ஆம்பியர்தான். ஓட்டத்துக்கானதையும் சேர்த்தால் 1.44. எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. மாட்யூல்களின் மின் தேவையைக் கூட்டும் பட்டியல்கள் ஓடும்போது இழுப்பதை மட்டும்தான் சொல்கின்றன. எழும்போது இழுப்பதைத் தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

வரிசையை முடிவு செய்தது

எந்த லைன் முதலில் என்ற கேள்விக்கு எல்லா ரேக்குக்கும் பொதுவான விடை இல்லை. உங்கள் ரேக்கில் எந்தச் சிக்னல் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் இரண்டு நிலைகளையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ±12 முதலில் வந்து +5 பின்னால் வந்தால், 10.5 வோல்ட் 1 கிலோஓம் வழியாக உயிரில்லாத லாஜிக் பின்னுக்குள் பாய்கிறது. அதன் விளைவைத்தான் மேலே பார்த்தோம். +5 முதலில் வந்தால், டிஜிட்டல் மாட்யூலின் 5 வோல்ட் சிக்னல் 100 கிலோஓம் வழியாக உயிரில்லாத ஆப்-ஆம்ப்பைத் தொடும். 50 மைக்ரோஆம்பியர். ஒன்றும் ஆகாது. ஆக, +5 முதலில். பிறகு +12, -12 இரண்டும் கைகோத்து ஒன்றாக. அணையும்போது இதற்கு நேர் எதிர்: ±12 முதலில் இறங்க வேண்டும், +5 கடைசியில்.

முதல் வேலையாக +5 கன்வர்ட்டரை +12-இலிருந்து பிரித்து நேராக 15 வோல்ட்டுக்கு மாற்றினேன்.

பிறகு, லைன்களை இந்த வரிசையில் எழுப்பி இறக்கும் சீக்வென்சர் போர்டு. நேர இடைவெளி வைத்து மூன்று அவுட்புட்களை வரிசையாகத் திறந்து, அணைக்கும்போது தலைகீழாக மூடும் எல்எம்3880 போன்ற ஐசிகள் உண்டு. சின்ன வேலைக்கு நல்லவை. ஆனால் நேரத்தை மட்டும் எண்ணும் சர்க்யூட், முந்தைய லைன் உண்மையிலேயே எழுந்ததா என்று கேட்பதில்லை. விக்கல் எடுக்கும் சப்ளையை ஸ்கோப்பில் பார்த்துவிட்ட பிறகு எனக்கு அது போதவில்லை. வோல்ட்டேஜைப் பார்த்து, சரி என்றால் மட்டுமே அடுத்த படிக்குப் போகும் அமைப்பு வேண்டும்.

இரண்டு வோல்ட்டேஜ்களை ஒப்பிட +5-இலிருந்து ஓடும் எல்எம்393 கம்பேரட்டர், 2.5 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு டிஎல்431. +12 லைனின் வோல்ட்டேஜைப் பங்கிட்டுக் குறைக்க 36 கிலோஓம், 10 கிலோஓம் டிவைடர். 11.5 வோல்ட்டைத் தாண்டினால் சரி என்று அர்த்தம். -12-ஐப் பார்க்கச் சின்ன உத்தி ஒன்று: 2.5 வோல்ட் ரெஃபரன்ஸுக்கும் -12 லைனுக்கும் நடுவே 10 கிலோஓம், 46 கிலோஓம் வைத்தால், லைன் -11.5-ஐத் தொடும் நேரத்தில் நடுப்புள்ளி சரியாகப் பூஜ்யத்தைத் தொடும். 46 கிலோஓமை 36, 10 இரண்டையும் தொடராக இணைத்தே பெற்றுக்கொண்டேன். நடுப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் இறங்காதபடி ஒரு ஷாட்கி டயோடு.

இரண்டும் சரி என்றதும் இரண்டு மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர்) சுவிட்சுகள் திறக்க வேண்டும், அதாவது மின்சாரத்தை உள்ளே விட வேண்டும். +12 பாதையில் பி-சேனல், -12 பாதையில் அதன் கண்ணாடிப் பிம்பமாக என்-சேனல். கன்வர்ட்டர் ஏற்கெனவே எழுந்து நிலைத்த பிறகுதான் மாட்யூல்களின் கெப்பாசிட்டர்கள் அதோடு சேர்கின்றன. மாஸ்ஃபெட்டுக்கு கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால்கள். கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவே 100 நானோஃபாரட், கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 100 கிலோஓம், கேட்டைக் கீழே இழுக்க இன்னொரு 100 கிலோஓம். மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கும் கேட் வோல்ட்டேஜ் சுமார் 3 என்று எடுத்துக்கொண்டால், கீழே இழுப்பது 90 மைக்ரோஆம்பியர், சோர்ஸ் பக்கம் கசிவது 30, மிச்சம் 60. அது 100 நானோஃபாரடில் நொடிக்கு 600 வோல்ட் வேகம் தரும், அதாவது 12 வோல்ட் ஏற 20 மில்லிநொடி. முதலில் தாளில் போட்ட இந்தக் கணக்கும் பின்னால் ஸ்கோப்பில் வந்ததும் மிக அருகில் இருந்தன. அந்த நேர்கோட்டைத் திரையில் பார்த்தபோது மனசுக்கு அவ்வளவு நிறைவு.

ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு மாஸ்ஃபெட் போனது. முதல் முயற்சியில் நான் வைத்தது மிளகளவே இருக்கும் எஸ்ஓடி-23 வகை. மெதுவாக ஏற்றினால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைத்து ஏறும் நேரத்தை 200 மில்லிநொடியாக வைத்தேன். நான்காவது முறை சுவிட்ச் போட்டபோது டிரெயினும் சோர்ஸும் ஒட்டிப்போயின. மல்டிமீட்டரில் அரை ஓம் காட்டியது. கணக்கு இப்படி: கெப்பாசிட்டரை நிரப்பும்போது மாஸ்ஃபெட்டில் வெந்துபோகும் ஆற்றல் சுமார் 80 மில்லிஜூல். மெதுவாக ஏற்றினாலும் வேகமாக ஏற்றினாலும் அது மாறாது. ஆனால் மாட்யூல்கள் இழுக்கும் ஓட்டமும் அந்த நேரம் முழுக்க மாஸ்ஃபெட் வழியாகத்தான் போகிறது. 780 மில்லிஆம்பியர், சராசரி 6 வோல்ட் இழப்பு, 200 மில்லிநொடி என்றால் 0.94 ஜூல். 20 மில்லிநொடி என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. எவ்வளவு வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று காட்டும் சேஃப் ஆபரேட்டிங் ஏரியா வளைவை டேட்டாஷீட்டில் பார்த்து, 10 மில்லிநொடி, 100 மில்லிநொடி கோடுகளுக்குள் அடங்குகிற பெரிய டிஓ-220 வகையை வைத்தேன். அந்த வளைவைப் பார்க்காமல் மாஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. முகப்புப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஆம்பியர் அளவு முழுக்கத் திறந்த நிலைக்கு உரியது. திறந்துகொண்டிருக்கும் நிலைக்கு அது எதையும் சொல்லாது.

அடுத்த சிக்கல் சத்தமாகவே வந்தது. ஸ்பீக்கரில் நொடிக்குப் பத்து முறை டப் டப் டப். சுவிட்ச் திறந்ததும் லோடு ஏறி கன்வர்ட்டரின் வோல்ட்டேஜ் கொஞ்சம் தாழ்கிறது, 11.5-க்குக் கீழே போனதும் கம்பேரட்டர் துண்டிக்கிறது, லோடு போனதும் வோல்ட்டேஜ் ஏறுகிறது, மறுபடி திறக்கிறது. 11.5-இல் சேர்வது, 10.8-இல் பிரிவது என்று ஹிஸ்டெரிசிஸ் வைத்தேன். கூடவே, இரண்டு லைனும் 50 மில்லிநொடி தொடர்ந்து நிலைத்தால்தான் திறக்க வேண்டும் என்று ஒரு தாமதம். சத்தம் நின்றது.

ஓடும்போது ±12-இல் ஏதாவது ஒன்று விழுந்தால் இரண்டையும் சேர்த்தே துண்டிக்க வேண்டும் என்றும், அப்படித் துண்டித்தால் தானாகத் திரும்பச் சேர்க்கக்கூடாது என்றும் வைத்தேன். கோளாறுள்ள மாட்யூலுக்குத் திரும்பத் திரும்ப மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும் சப்ளையை நான் நம்பமாட்டேன். ஆள் வந்து, காரணத்தைப் பார்த்து, சுவிட்சைப் போடட்டும். பஸ் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தலைகீழாக ஒரு 1என்5817 ஷாட்கி டயோடும் சேர்த்தேன். ஒரு லைன் மட்டும் இருந்து மற்றது இல்லாத நேரத்தில், இருக்கும் லைன் மாட்யூல்களின் வழியே புகுந்து இல்லாததை எதிர்ப்பக்கம் இழுக்கும். -12 லைனில் நேர் வோல்ட்டேஜ் தெரியும். அந்த டயோடு இருந்தால் பூஜ்யத்தைத் தாண்டி அரை வோல்ட்டுக்குள் நின்றுவிடும்.

அணைப்பதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. உடனே அணைத்துப் போட்டால் ஏன் மோசம் என்ற கேள்வி அப்படியே கிடந்தது. அணைத்த பிறகு லைன்கள் 2 வோல்ட் வரை சட்டென்று விழும், அதற்குக் கீழே மாட்யூல்கள் எதையும் இழுப்பதில்லை, அதனால் மிச்ச வோல்ட்டேஜ் நெடுநேரம் தொங்கிக்கொண்டிருக்கும். முழுக்க இறங்காத சப்ளை மறுபடி ஏறினால் மைக்ரோகன்ட்ரோலர் சரியாக ரீசெட் ஆகாது. சப்ளை தாழ்ந்தால் சிப்பை ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் கண்காணிப்பை என் புரோகிராமில் முடக்கி வைத்திருந்தேன். அதை இயக்கினேன். ±12 லைன்களில் 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர்களைக் கிரவுண்டுக்குப் போட்டேன். ஓடும்போது அவற்றில் வீணாவது 0.3 வாட், பரவாயில்லை. அணைந்த பின் இரண்டு நொடிக்குள் லைன் காலியாகிவிடுகிறது. சீக்வென்சரும் அணைந்த பின் இரண்டு நொடி திறக்க மறுக்கும்.

15 வோல்ட் உள்ளீடு 13.5-க்குக் கீழே இறங்கியதுமே ±12 சுவிட்சுகள் மூடிக்கொள்ளும். உள்ளீட்டில் உள்ள 2,200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் ஆற்றல் முழுக்க +5-க்குத்தான். 5 வோல்ட்டில் 180 மில்லிஆம்பியர் லோடுக்கு அது நூறு மில்லிநொடிக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது. குவாண்டைசர் தன் அமைப்புகளை எழுதி வைத்துக்கொள்ள அந்த நேரம் தாராளம்.

பக்கத்தில் இன்னொரு சின்ன ரேக்கும் இருக்கிறது, அதற்குத் தனி சப்ளை. பெரியதைப் போட்டு, சின்னதைப் போடாமல் விட்டால், சின்னதில் ஒரு எல்இடி மங்கலாக எரிவதைப் பல மாதங்களாகப் பார்த்திருக்கிறேன், கண்டுகொண்டதில்லை. அதே பின்வாசல், அதே டயோடு, பேட்ச் கேபிள் வழியே. இப்போது இரண்டு ரேக்குக்கும் நடுவே ஒரே ஒரு ரெடி கம்பியும் கிரவுண்டும் ஓடுகின்றன. யார் தயாராக இல்லையோ அவர் அந்தக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பார், அதுவரை யாருடைய ±12-உம் திறக்காது. கம்பியைப் பிடுங்கினாலும், அடுத்த ரேக் முழுக்க மின்சாரமின்றி இருந்தாலும் தடுக்க வேண்டுமே என்பதால், நேர் வோல்ட்டேஜ் திரும்பி வந்தால்தான் ரெடி என்று கணக்கில் எடுக்கும்படி சுற்றிக் கட்டினேன்.

குவாண்டைசரின் இன்புட்டையும் விட்டுவைக்கவில்லை. 1 கிலோஓமை எடுத்துவிட்டு 22 கிலோஓம் போட்டு, பின்னுக்கு முன்னால் பிஏடி54எஸ் ஷாட்கி ஜோடியை வைத்தேன். சீக்வென்சர் ஒருநாள் பழுதானாலும் உள்ளே போவது அரை மில்லிஆம்பியரைத் தாண்டாது. வரிசை ஒரு பாதுகாப்பு, மாட்யூலின் வாசலில் நிற்கும் ரெசிஸ்டர் இன்னொன்று. ஒன்றை நம்பி மற்றதை விடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

சோதனையை மாட்யூல்கள் இல்லாத பஸ்ஸில்தான் தொடங்கினேன். லைனுக்கு ஒரு 22 ஓம், 10 வாட் ரெசிஸ்டர், பக்கத்தில் 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், மேசையைத் தொடாதபடி தூக்கி வைக்க வேண்டும். வரிசை சரியாக வந்ததும் 3.3 ஓமை +12-இல் ஒரு கணம் தொட வைத்தேன். இரண்டு லைன்களும் சேர்ந்தே சரிந்து, சரிந்தபடியே நின்றன. பிறகு மாட்யூல்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுச் செருகினேன்.

சூடு கண்ட பழைய சிப்பை மாற்றிவிட்டேன். வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் எத்தனை முறை லாட்ச்-அப்பில் வெந்ததோ தெரியாத சிப்பை வைத்திருக்க மனம் வரவில்லை. ஆஃப்செட் குமிழை நேர்ப்பக்கம் முழுவதும் திருப்பி, கேபிளைச் செருகியபடியே அறுபது முறை அணைத்துப் போட்டேன். பாதி முறை நிதானமாக, பாதி முறை அடுத்தடுத்து. அறுபது முறையும் எல்இடிகள் வரிசையாக ஓடின. கடைசியில் சிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், போர்டின் மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இரண்டு மாட்யூல்கள் தங்கள் 3.3 வோல்ட்டை +5-இலிருந்து எடுக்காமல் +12-இலிருந்து எடுக்கின்றன. அவை மற்றவற்றைவிடத் தாமதமாகத்தான் எழும். அவற்றின் இன்புட்களில் என்ன ரெசிஸ்டர் இருக்கிறது என்று இந்த வாரம் திறந்து பார்க்க வேண்டும்.